49 வாரப் பயிற்சியில் போர்க்களத் தலைமை வந்துவிடுமா?

#1 தாம்பரம்_சித்தப்பா

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் மகள் ராணுவ அதிகாரிகளைத் தேர்வு செய்யும் எஸ்எஸ்பி நேர்முகத்தில் தேறி, மருத்துவப் பரிசோதனையும் முடித்து, பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் ஓடிஏ அகாடமியில் சேரப் போகிறாள். எங்கள் குடும்பத்திலிருந்து ராணுவத்துக்குப் போகும் முதல் ஆள். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணி சிரித்துக்கொண்டே இருக்கிறார், ஆனால் ராத்திரி தூங்குவதில்லை.

போன வருடம் தெரிந்தவர் ஒருவர் மூலமாக அங்கே பாசிங் அவுட் பரேட் பார்க்கப் போயிருந்தேன். பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயர் என்று பெயர்ப் பலகை. வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நின்றார்கள். முடிந்ததும் பெற்றோர் வந்து தோளில் நட்சத்திரம் குத்தினார்கள். கண் கலங்காதவர் யாருமில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் ஒரு கேள்வி வந்தது, இன்றுவரை போகவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு 22, 23 வயது. 49 வாரம் பயிற்சி. அடுத்த மாதமே எல்லையில் முப்பது பேருக்கு உத்தரவு கொடுக்கும் இடத்தில் இருப்பார்கள். அதில் பாதிப் பேர் இவர்களைவிட வயதில் மூத்தவர்கள். அணிவகுப்பு அழகாக இருக்கிறது, சரி. சண்டை என்று வந்தால் இது போதுமா? தலைமை என்பதை 49 வாரத்தில் யாருக்காவது சொல்லிக் கொடுத்துவிட முடியுமா?

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வீட்டில் சொல்வதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

#2 பழைய_கோஹிமா

சார், முதலில் உங்கள் அண்ணன் மகளுக்கு வாழ்த்துகள். நான் தொண்ணூறுகளில் அங்கே பயிற்சி பெற்றவன், கோஹிமா கம்பெனி. ஜெஸ்ஸாமி, கோஹிமா, மெய்க்திலா, நௌஷேரா, பில்லோரா, ஜோஜிலா, பசந்தர் என்று அங்கே கம்பெனிகளுக்கெல்லாம் போர்க்களங்களின் பெயர்தான். உள்ளே நுழைந்த முதல் நாளே கேட்பார்கள்: உன் கம்பெனிக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது? தெரியாவிட்டால் அன்றைக்கு முழங்கை தோல் உரியும்.

நீங்கள் பார்த்த பரேட் பயிற்சியின் கடைசி நாள். தலைமை உருவாகும் இடம் பரேட் மைதானம் இல்லை. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எங்கள் கடைசி டெர்ம் கேம்பில் மூன்றாவது ராத்திரி. மூன்று நாளில் எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் தூங்கியிருப்போம். அன்றைக்கு பிளட்டூன் கமாண்டர், அதாவது முப்பது பேர் கொண்ட அணியின் தலைவர் பொறுப்பு என்னிடம். கேடட்டுகளுக்கு மாற்றி மாற்றிப் பொறுப்பு தருவார்கள், இன்று தலைவன், நாளை கடைசி ரைபிள்காரன். ராத்திரி பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து, விடியும் முன் ஒரு மேட்டைத் தாக்க வேண்டும். பாதி வழியில் எனக்குத் தெரிந்துவிட்டது, தப்பான ஓடையைப் பிடித்து நடந்துகொண்டிருக்கிறோம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மானம் போகும் என்று நினைத்தேன். இன்னும் ஒரு கிலோமீட்டர் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனது சொல்கிறது. பின்னால் முப்பது பேர் என்னை நம்பி வருகிறார்கள்.

பயிற்சி அதிகாரி இருட்டில் கூடவே நடந்து வந்தவர் மெதுவாகக் கேட்டார்: "இப்போது உன் உத்தரவு என்ன?" எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் அவர் சொன்னது இது: "தப்பான முடிவு எடுத்திருந்தால்கூட ஏதோ மார்க் போட்டிருப்பேன். ஒன்றுமே சொல்லாமல் நடந்தாயே, அதற்கு நான் என்ன போடுவது?"

அந்தப் பயிற்சிக் காலத்தில் நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். உடம்பு ஓய்ந்து, வரைபடம் பொய்யாகி, போட்ட திட்டம் கைவிட்டுப் போன பிறகு, இப்போது உன் உத்தரவு என்ன? துப்பாக்கி சுடுவது, பிபிஇடி என்னும் உடல்திறன் தேர்வின் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், மணலில் நிலத்தின் மாதிரியைச் செய்து வைத்துத் திட்டம் போடுவது, ஆளில்லாமல் வெறும் நிலத்தைப் பார்த்துச் சண்டையை யோசிக்கும் 'டியூட்' பயிற்சி, எல்லாமே அந்தக் கேள்விக்கு ஆளைத் தயார் செய்வதற்குத்தான்.

அப்புறம் காலம் பற்றி. அந்த இடம் 1963-ல் தொடங்கியதே அவசரத்தில்தான். 1962 சீனப் போரில் அடிபட்ட பிறகு ராணுவத்தை வேகமாகப் பெருக்க வேண்டியிருந்தது, அதிகாரிகள் போதவில்லை. எமர்ஜென்சி கமிஷன் என்று கல்லூரி முடித்த இளைஞர்களை எடுத்து ஏறக்குறைய ஆறு மாதம் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். 1965 போரில் அவர்கள் சண்டையில் நின்றார்கள். ஆகவே 49 வாரம் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போதும் என்றும் சொல்ல மாட்டேன். மீதி எங்கே நடக்கிறது என்று நம் சுபேதார் ஐயா வந்தால் சொல்வார்.

#3 வெலிங்டன்_சுபேதார்

கோஹிமா சார் கூப்பிட்டதால் வருகிறேன். மதராஸ் ரெஜிமென்ட்டில் 28 வருடம். எத்தனையோ புது லெப்டினன்ட் சாப்களைப் பார்த்தவன்.

புது அதிகாரி யூனிட்டுக்கு வந்து இறங்கும்போது நாங்கள் அவர் தோள் நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. மூன்று விஷயம் பார்ப்போம். ஜவான்களின் பெயரும் ஊரும் எத்தனை நாளில் மனப்பாடம் ஆகிறது. லங்கரில், அதாவது ஜவான்களின் சமையல்கூடத்தில், சாப்பாடு எப்படி இருக்கிறது என்று தானே போய்த் தட்டேந்திப் பார்க்கிறாரா. தெரியாததைத் தெரியாது என்று கேட்கிறாரா. இந்த மூன்றும் இருந்தால் ஆறு மாதத்தில் பிளட்டூன் அவர் பின்னால் போகும். இல்லாவிட்டால் அவர் உத்தரவு போடுவார், நாங்களும் 'ஜி சாப்' என்போம், வேலையும் நடக்கும். ஆனால் குண்டு பறக்கும்போது தலை தூக்கி எழுந்து ஓடச் சொன்னால் அது வேறு கதை.

ஒரு சாப் வந்தார், வட இந்தியர். தமிழ், மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் ரெஜிமென்ட்டில் அதிகாரி எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் ஜவான்களோடு நன்றாகப் பழக எங்கள் பேச்சு கொஞ்சமாவது வர வேண்டும். அவர் ராத்திரி ராத்திரி என் பாரக்குக்கு வந்து உட்கார்ந்து படிப்பார். ஒரு நாள் ஒரு பையனின் அப்பா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அந்தச் செய்தியை நான் சொல்கிறேன் என்றேன். "இல்லை சாப், நான்தான் சொல்லணும்" என்று உடைந்த தமிழில் சொல்லிவிட்டு அவனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அந்த பிளட்டூனுக்குத் தலைவர் வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. எந்த அகாடமியில் இதற்குப் பாடம் இருக்கிறது?

அகாடமி அறிவுள்ள, உடம்பு பலமுள்ள, பயத்தை அடக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை அனுப்புகிறது. அவரைத் தலைவராக்கும் மீதி வேலையை, அதிகாரிக்கும் ஜவானுக்கும் இடையில் இருக்கும் சுபேதார் போன்ற ஜேசிஓக்களும் ஜவான்களும் செய்கிறோம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. 1962-ல் பும் லாவில் சுபேதார் ஜோகிந்தர் சிங் ஒரு சின்னப் பிளட்டூனை வைத்துக்கொண்டு அலை அலையாக வந்த சீனரைத் தடுத்தார். குண்டு தீர்ந்ததும் பயோனெட்டோடு இறங்கினார். பரம் வீர் சக்ரா கிடைத்தது. அவர் ஜேசிஓ. தலைமை கேடட்டுகளுக்கு மட்டும் உரியது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

#4 சிடிஎஸ்_2வது_முயற்சி

அண்ணா, ஐயா, இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். கடக்வாஸ்லாவில் இருக்கும் என்டிஏ அகாடமியில் மூன்று வருடம், அப்புறம் டேராடூனில் இருக்கும் ஐஎம்ஏ அகாடமியில் ஒரு வருடம். நேரடியாக ஐஎம்ஏ போனால் 18 மாதம். ஓடிஏ 49 வாரம்தான். அப்படியென்றால் ஓடிஏக்காரர்கள் போரில் கொஞ்சம் பின்தங்கித்தானே இருப்பார்கள்? எனக்கு எதை முதல் விருப்பமாகப் போடுவது என்று குழப்பம்.

#5 வரலாறு_வாத்தியார்

தம்பி, நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை, பள்ளியில் வரலாறு நடத்துகிறேன், கூடவே என்சிசி பொறுப்பும். ஆனால் உங்கள் கேள்விக்கு 1999 ஜூன் 28 இரவு ஒன்றே பதில் சொல்லும்.

கார்கிலில் 2 ராஜ்புதானா ரைபிள்ஸ் படை டிராஸ் பக்கம் இருந்த முகடுகளைப் பிடிக்கப் போன ராத்திரி அது. ஒரு கம்பெனிக்குத் தலைமை மேஜர் பத்மபாணி ஆச்சார்யா. அவர் மெட்ராஸ் ஓடிஏவில் பயிற்சி பெற்றவர். அதே தாக்குதலில் லெப்டினன்ட் விஜயந்த் தாபர், டேராடூன் ஐஎம்ஏ, 1998 டிசம்பரில் கமிஷன் ஆனவர், அதாவது அதிகாரியாகப் பதவியேற்றவர். இன்னொரு பக்கம் செங்குத்துப் பாறையில் காதக் என்னும் அதிரடிக் குழுவோடு ஏறியவர் நாகாலாந்தைச் சேர்ந்த கேப்டன் நெய்கெழாகுவோ கெங்குரூஸ். அவரும் அதே 1998 டிசம்பரில் டேராடூனிலிருந்து வந்தவர். ஒரே பரேடில் நடந்து வந்த இரண்டு பேர், ஆறரை மாதம் கழித்து ஒரே ராத்திரியில் இறந்தார்கள். ஆச்சார்யாவும் அதே ராத்திரிதான். ஆச்சார்யாவுக்கும் கெங்குரூஸுக்கும் மகாவீர் சக்ரா, தாபருக்கு வீர் சக்ரா. நாலு மலை முகட்டுக்குள் எந்த அகாடமி, எத்தனை மாதம் என்ற கணக்கெல்லாம் கரைந்துபோன ராத்திரி அது.

கெங்குரூஸ் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. அவர் காலாட்படைக்காரரே இல்லை. ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது ரேஷன், எரிபொருள், வண்டி இவற்றைக் கொண்டு சேர்க்கும் பிரிவு. காலாட்படையோடு சில காலம் இணைக்கப்பட்டிருந்தார். ராத்திரிக் குளிரில் பாறையில் பூட்ஸ் வழுக்கியபோது அவற்றைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு ஏறினார். எந்தப் பிரிவுக்குப் போனாலும் எல்லா கேடட்டுக்கும் முதலில் காலாட்படைப் பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இவரை நினைத்துப் பாருங்கள்.

பசந்தர் என்ற கம்பெனிப் பெயரைக் கோஹிமா சார் சொன்னார். 1971 டிசம்பர் 16, ஷகர்கர் பகுதியில் அந்த ஆற்றங்கரைச் சண்டையில்தான் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் இறந்தார். வயது 21. கமிஷன் ஆகி ஆறு மாதம். அகமத்நகரில் இளம் அதிகாரிகளுக்கான டாங்கிப் பயிற்சி முடியும் முன்பே போர் வந்து, பாதியில் யூனிட்டுக்குத் திரும்பியவர். டாங்கி தீப்பிடித்ததும் வெளியே வரச் சொல்லி ரேடியோவில் உத்தரவு வந்தது. என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று பதில் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

ஒவ்வொரு முறையும் இதை வகுப்பில் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் அவருக்கும் நாலு வயதுதான் வித்தியாசம்.

#6 முன்னாள்_என்டிஏ

வாத்தியார் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் அப்படி நின்றதற்குக் காரணம் அகாடமியின் கடுமை. கடக்வாஸ்லாவில் எங்களுக்கு கிரீன்ஹார்ன், ரோவர்ஸ், தோர்ணா என்று மூன்று கேம்ப். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினம். இடையில் சீனியர்கள் கொடுக்கும் ரகடா என்கிற தண்டனை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி ஃப்ரன்ட் ரோல் போட வைப்பார்கள். அப்போது அழுதிருக்கிறேன். ஆனால் பிறகு பனியில் போஸ்ட்டில் இருக்கும்போது, இதைவிடக் கஷ்டம் பார்த்தவன்தானே என்று ஒரு தைரியம் இருந்தது. கடுமையைக் குறைத்தால் சண்டையில் உயிர்தான் போகும். இப்போது எல்லாவற்றுக்கும் புகார் என்கிற காலம். எனக்குக் கவலையாக இருக்கிறது.

#7 ஒரு_அம்மா

இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். #6 படித்த பிறகு முடியவில்லை.

என் மகன் ஒரு அகாடமியில் இருந்தான். எது என்று சொல்ல விரும்பவில்லை. ஐந்தாவது மாதம் காலில் வலி. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், எலும்பில் மெல்லிய விரிசல். அவன் மருத்துவமனைக்குப் போகவில்லை. போனால் ரெலிகேஷன், ஒரு டெர்ம் பின்னால் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். சீனியர்கள் நடிக்கிறான் என்றார்கள். அதே காலோடு ராத்திரித் தண்டனையும் ஓடினான். விரிசல் முறிவானது. மூன்று ஆபரேஷன். இப்போது வீட்டில் இருக்கிறான், நொண்டி நடக்கிறான். கமிஷன் ஆகும் முன் அனுப்பப்பட்டதால் முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி இல்லை. இவனைப் போன்ற பிள்ளைகளின் நிலையை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தானாக முன்வந்து வழக்காக எடுத்தபோது நான் பூஜை அறையில் உட்கார்ந்து அழுதேன்.

கடுமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனே சொல்ல மாட்டான், இன்றைக்கும் அவனுக்கு அந்த யூனிபார்ம்தான் உயிர். ஆனால் ஒரு கேள்வி. வலிக்கிறது என்று சொல்ல பயப்படும்படி ஒரு பிள்ளையைப் பழக்கினால், நாளைக்கு அவன் கீழே இருக்கும் சிப்பாய் வலிக்கிறது என்று சொன்னால் நம்புவானா?

#8 பழைய_கோஹிமா

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியாமல் இருந்தேன். மகனை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

#6 சாருக்கு: நான் உங்களோடு பாதி உடன்படுகிறேன். நீங்கள் சொன்ன மூன்று கேம்பும் வேண்டும். இன்னும் கடினமாக இருந்தாலும் வேண்டும். அங்கே மழை, மலை, பசி, தூக்கமின்மை எல்லாம் ஒரு நோக்கத்தோடு வருகின்றன, மருத்துவரும் பயிற்சி அதிகாரியும் கூட இருக்கிறார்கள், முடிந்ததும் என்ன கற்றோம் என்று உட்கார்ந்து பேசுகிறோம். ராத்திரி இரண்டு மணி ரகடாவில் அது எதுவும் இல்லை. இருபது வயது சீனியர் தன் கோபத்தைப் பத்தொன்பது வயது ஜூனியர் மேல் இறக்குகிறான். அதில் ஜூனியர் கற்பது தாங்கிக்கொள்வது. சீனியர் கற்பது என்ன? அதிகாரம் இருந்தால் கேள்வி கேட்க ஆள் இல்லை என்பதுதானே? போரில் நமக்குத் தேவையான தலைவர் அப்படிப்பட்டவர் இல்லை.

பிறகு யூனிட்டில் நான் கம்பெனி கமாண்டராக இருந்தபோது இந்தப் பழக்கத்தை முறிக்க எனக்கே இரண்டு வருடம் ஆனது. ஜவானிடம் கத்தினால் வேலை நடக்கும் என்று அகாடமி என் உடம்பில் பதித்திருந்தது. ஒரு சுபேதார் சாப்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், "சாப், நீங்கள் கத்தும்போது பையன்கள் உண்மையை மறைக்கிறார்கள்." ரோந்தில் கண்ணிவெடி இருக்கும் தடத்தைப் பற்றி ஒருவன் உண்மையை மறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அன்றோடு விட்டேன்.

#9 முன்னாள்_என்டிஏ

அம்மா, மன்னியுங்கள். உங்கள் மகன் போல் ஒருவன் என் ஸ்குவாட்ரனிலும் இருந்தான். அவன் நடிக்கிறான் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். இத்தனை வருடத்தில் அவனிடம் பேசவே இல்லை. இந்த வாரம் பேசுகிறேன்.

கேம்ப் பற்றி என் கருத்து மாறவில்லை. மற்றதைப் பற்றி மாறிவிட்டது.

#10 யாழ்_வாசகி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தனான், இப்ப கனடாவில் இருக்கிறேன். பரமேஸ்வரன் என்ற பெயரை முதல் பதிவில் வாசித்ததும் கை நின்றுவிட்டது. இந்திய அமைதிப் படையோடு இலங்கைக்கு வந்த அந்த மேஜர் 1987 நவம்பர் 25-ல் இறந்தது எங்கள் மண்ணில்தான். இந்தியாவுக்கு அவர் பரம் வீர் சக்ரா வாங்கிய வீரர். எங்களுக்கு அந்தக் காலம் வேறு மாதிரி. அதைப் பற்றிச் சண்டை பிடிக்க வரவில்லை.

நீங்கள் எல்லோரும் தலைவர் தன் ஆட்களை எப்படி முன்னே கொண்டுபோவது என்று கதைக்கிறீர்கள். நான் மற்றதைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்ப ஒன்பது வயது. இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம், ஒரு வகுப்பறைக்கு ஐந்தாறு குடும்பம். பொழுது படும் நேரம் படையாட்கள் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு ஹிந்தி தெரியாது. அதற்கு முதல் நாள் அந்தப் பக்கம் வெடிச் சத்தம், அவர்களில் யாரோ செத்திருக்க வேண்டும், முகங்களில் தெரிந்தது. ஒருவர் என் மாமாவை இழுத்துச் சுவரோடு நிறுத்திவிட்டார். பெண்கள் கத்தினார்கள். அப்போது இளம் அதிகாரி ஒருவர், இருபத்து மூன்று நாலு வயசு இருக்கும், ஓடி வந்து இடையில் நின்றார். ஒன்றும் கத்தவில்லை. அந்தச் சிப்பாயின் துப்பாக்கி முனையில் கை வைத்து மெல்லத் தரைப் பக்கம் இறக்கினார். அவருக்கும் கை நடுங்கியது, நான் கண்டேன்.

மாமா இன்னும் உயிரோடு இருக்கிறார். அந்த அதிகாரியின் பெயர் எங்களுக்குத் தெரியாது. எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் வரவில்லை. அதனால்தான் கேட்கிறேன், சொந்த ஆள் செத்த கோபத்தில் நிற்கும் முப்பது பேரைச் சுட வேண்டாம் என்று நிறுத்துவதற்கு அகாடமியில் எத்தனை மணி நேரம் பழக்குகிறார்கள்?

#11 பழைய_கோஹிமா

அக்கா, போர்ச் சட்டம், ஜெனீவா ஒப்பந்தங்கள் இவை பாடத்தில் உண்டு. பொதுமக்கள் இருக்கும் இடத்தில் எப்படித் தேடுவது என்ற பயிற்சியும் உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன அந்த நிமிடத்தை வகுப்பறை தராது. என் காலத்தில் அதற்குக் கொடுத்த நேரம் போதாது என்பது என் உறுதியான எண்ணம். மேட்டைத் தாக்குவதை ஐம்பது தடவை ஒத்திகை பார்த்தோம். துப்பாக்கி முனையை இறக்குவதை ஒரு தடவைகூட ஒத்திகை பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

#12 வெலிங்டன்_சுபேதார்

தங்கச்சி சொன்ன அந்தச் சின்ன அதிகாரிக்கு என் சல்யூட். ஆட்களை முன்னே ஓட வைப்பது ஒரு மடங்கு கஷ்டம் என்றால் அந்த நேரத்தில் நிறுத்துவது பத்து மடங்கு. நான் பார்த்திருக்கிறேன்.

#13 சிடிஎஸ்_2வது_முயற்சி

இன்னொன்று. 2025 மே மாதச் சண்டையில் இரண்டு பக்கமும் ட்ரோன்கள் வந்தன. இனிமேல் இந்த மலை ஏறுகிற தலைமையெல்லாம் பழைய கதை ஆகிவிடாதா?

#14 பழைய_கோஹிமா

நல்ல கேள்வி தம்பி. ட்ரோன் வந்ததால் இளம் அதிகாரியின் வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. முன்பு ராத்திரி மறைப்பு தரும், இப்போது வெப்பக் கேமரா பார்க்கும். கூட்டமாக நின்றால் சாவு. அதனால் ஆட்கள் சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் தானாக யோசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

எனக்கு இதில் வேறு கவலை. மேலே இருப்பவர் திரையில் எல்லாவற்றையும் பார்க்கும்போது, கீழே இருக்கும் லெப்டினன்ட் ஒவ்வொரு அடிக்கும் ரேடியோவில் கேட்டுப் பழகிவிடுவார். மேலே இருப்பவரும் சொல்லிப் பழகிவிடுவார். எதிரி சிக்னலை முடக்கிய நிமிடம் இருவரும் ஊமை. ஆகவே பயிற்சியிலேயே ரேடியோவைப் பிடுங்கிவிட வேண்டும் என்பேன். நடு ராத்திரி, நடுக் காடு, ஜிபிஎஸ் இல்லை, பேச ஆள் இல்லை. இப்போது உன் உத்தரவு என்ன?

எதை முதல் விருப்பமாகப் போடுவது என்று கேட்டாய். ஐஎம்ஏவோ ஓடிஏவோ, எது கிடைத்தாலும் போ.

#15 தாம்பரம்_சித்தப்பா

எல்லோருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பதிவுகள் அனைத்தையும் அச்செடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். #7, #10 இரண்டையும் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேன், பிறகு கொடுத்துவிட்டேன். அண்ணன் மகள்தான் முதலில் வாங்கிப் படித்தாள். யாழ் அக்காவின் பதிவை இரண்டு தடவை படித்தாள்.

2023 ஏப்ரலில் முதல்முறையாக ஐந்து பெண் அதிகாரிகள் பீரங்கிப் படைக்கு இதே ஓடிஏவிலிருந்து போனார்கள் அல்லவா, அவளுக்கும் அந்த ஆசைதான். அடுத்த ஞாயிறு உள்ளே போக வேண்டும். சுபேதார் ஐயா, போகும்முன் அவள் என்ன தயார் செய்ய வேண்டும்? பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், பெட்டி எடுத்தாயிற்று. அதில் இல்லாததைச் சொல்லுங்கள்.

#16 வெலிங்டன்_சுபேதார்

பாப்பாவுக்குச் சொல்லுங்கள்.

பூட்ஸை இன்றைக்கே போட்டு வீட்டைச் சுற்றி நடக்கட்டும், புது பூட்ஸோடு உள்ளே போகக் கூடாது. கெட்டியான பருத்திக் காலுறை ஆறு ஜோடி கூடுதலாக வைக்கட்டும். நகத்தை நேராக வெட்டட்டும், ஓரம் வளைத்து வெட்டினால் சதையில் ஏறும். ராத்திரி காலைக் கழுவித் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டுத்தான் படுக்கணும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும். ஹிந்தி தினம் அரை மணி நேரம் வாய்விட்டுப் பேசட்டும், தப்பு வந்தால் பரவாயில்லை.

காலில் வலி வந்தால் அன்றைக்கே பயிற்சி தரும் உஸ்தாதிடம் சொல்லணும். யார் சிரித்தாலும் சொல்லணும். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு வலி என்று தெரிந்தால் அதையும் இவளே போய்ச் சொல்லணும்.